செம்பருத்தியில் ஒரு போட்டிக்காரர்

அறுபதுகளில் செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு வியாழன்தோறும் கொசுமருந்து அடிக்க ஒருவர் வருவார். முதுகில் மருந்து டப்பா, காதில் சாக்பீஸ். அடித்து முடித்ததும் வாசற்கதவில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

ஒரு வாரம் பார்த்தால், பால்கனிச் செம்பருத்தியில் தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து, என் குழந்தையின் மெத்தைப் பஞ்சைத் திருடிப் பரப்பி, மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தது. மருந்து அடித்தால் குஞ்சுகள் என்னாகும்? அடிக்காவிட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வருமோ? இரண்டு பயத்தையும் அவரிடமே கொட்டினேன்.

அவர் செடியருகே நின்றார். தாய்ச்சிட்டு வாயில் பூச்சியோடு வந்தது, போனது, மறுபடி வந்தது.

"ஏம்மா, இது நிமிசத்துக்கு ஒண்ணு பிடிக்குல்லா. என் வேலைக்கே உலை வச்சிரும் போலிருக்கே!"

"விளையாடாதீங்க. குழந்தையைக் கொசு கடிச்சா?"

"உள்ள நீங்க கொசுவலை கட்டுங்க. வெளிய அது பாத்துக்கிடும்."

பால்கனியில் மருந்தே அடிக்காமல் கதவில் தேதி எழுதினார். கையெழுத்துக்குப் பதிலாக வாலைத் தூக்கிய ஒரு சிட்டை வரைந்தார். அடுத்த வாரமும் அப்படியே.

குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வாரம் குஞ்சுகள் பறந்துவிட்டன என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அது பிரிவுத் துயரமா, இனி பால்கனியிலும் மருந்து அடிக்க வேண்டுமே என்ற கவலையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.