மடையை உடைத்த ஏழு சைக்கிள்கள்

திருவாதவூருக்குச் சைக்கிளில் போய் வரலாம் என்று நான் சொன்னதும், ஸ்டாஃப் ரூமில் இருந்த ஆண் வாத்தியார்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒத்தக்கடை தாண்டுவதற்குள் லாரியை மறித்து ஏறி வந்துவிடுவோமாம். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேலே கோபம். அந்தக் கோபத்தில்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போவது என்று முடிவானது. எண்பதாம் ஆண்டு பிறக்க இன்னும் ஓரிரு வருஷம் இருந்த காலம். மதுரையில் புடவை கட்டிய பெண் சைக்கிள் ஓட்டினால் நின்று பார்ப்பார்கள். ஏழு டீச்சர்கள் வரிசையாக ஓட்டினால் கேட்கவா வேண்டும், கோரிப்பாளையம் முக்கே நின்று பார்த்தது.

நான்தான் வழிகாட்டி. டவுன் பள்ளிக்கு மாற்றலாகி வருவதற்கு முன் இரண்டு வருஷம் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் வேலை பார்த்திருந்தேன். வாய்க்கால், கண்மாய், வரப்பு எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைப்பு. மற்ற ஆறு பேரும் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நெல் நாற்றுக்கும் கோரைப் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. "இது என்ன பயிர், அது என்ன மரம்" என்று அவர்கள் கேட்கக் கேட்க எனக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டே போனது. கணக்கு டீச்சர் மட்டும் எதுவும் கேட்காமல் கடைசியாக வந்தார். அவர் சைக்கிள் கற்று மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

ஒத்தக்கடை தாண்டினோம். எந்த லாரியையும் மறிக்கவில்லை. அப்படியே தார் ரோட்டில் போயிருந்தால் பேசாமல் ஊர் போய்ச் சேர்ந்திருப்போம். வாய்க்கால் கரையில் போனால் நிழலாக இருக்கும், வயல்காட்டைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று நான்தான் எல்லாரையும் குறுக்கே திருப்பினேன்.

அது மழை ஏய்த்த வருஷம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒருவர் முறை நடக்கும்போது மற்றவர்கள் தங்கள் வயலுக்குத் தண்ணீர் போகும் மடையைச் சேறு வைத்து அடைத்துவிட வேண்டும். அப்படி அடைத்த மடை ஒன்று நாங்கள் போன கரையில் இருந்தது. ஒரு முழ அகலத்துக்குப் புதுச் சேறு, ஈரம் காயவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும். இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டியிருக்க வேண்டும். ஏழு சைக்கிளைத் தூக்கி இறக்க யாரால் முடியும் என்று ஏறி மிதித்துவிட்டேன். முதல் சக்கரம் கோடு கிழித்தது. பின்னால் வந்த சக்கரங்கள் அதே கோட்டில் விழுந்து அதை ஆழமாக்கின. கணக்கு டீச்சர் பயந்து இறங்கி, அழுத்திப் பிடித்து உருட்டியே வந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் புளியோதரையைப் பிரித்தோம். சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி, கை கழுவப் போகும்போது ஒரு அக்கா மம்பட்டியோடு ஓடி வந்தாள்.

"எவ சைக்கிளு என் தண்ணியக் குடிச்சது?"

அன்று காலை அவளுடைய முறை. புருஷன் லாரி ஓட்டுகிறவர், ஊரில் தங்குகிற நாள் குறைவு. மேலே யாரும் மடையைத் திறந்துவிடாமல் இருக்க அவள் வாய்க்கால் தலைப்பில் தனியாகக் காவல் நின்றிருக்கிறாள். அவள் அங்கே நிற்க, நாங்கள் உடைத்த மடை வழியாகத் தண்ணீர் முழுக்கப் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. முறையும் முடிந்துவிட்டது. அடுத்தது எட்டு நாள் கழித்து. அவள் வயலைப் போய்ப் பார்த்தேன். நட்டு ஆறு நாள் ஆன நாற்று, தரையில் விரல் நுழைகிற வெடிப்பு.

"எட்டு நாளு தாங்காது டீச்சர். மறுநடவுக்கு எங்கிட்ட நாத்தும் இல்ல" என்றாள். அதுவரை வைதுகொண்டிருந்தவள் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

பக்கத்து வயல் அவளுடைய கொழுந்தனாருடையது. அவள் வயலைவிட ஒரு சாண் மேடு. நடுவில் இருக்கும் வரப்பை ஓர் இடத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் தானாகவே கீழே இறங்கும். அவரும் வந்து வரப்பில் நின்றார்.

"அண்ணே, தப்பு எங்க மேல. ஒரு வெட்டு வெட்டி விட்டாப் போதும்" என்றேன்.

"வெட்டலாம் டீச்சரம்மா. மதினி வந்து ஒரு வார்த்த கேக்கட்டும்."

மதினி நாலடி தள்ளித்தான் நின்றாள். அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "பயிரு கருகிப் போகட்டும் டீச்சர். அந்த ஆளுகிட்டக் கேட்டு வாங்க மாட்டேன்."

பாகம் பிரித்தபோது ஒரு புளியமரம் யாருக்கு என்று வந்த சண்டையாம். நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அடுத்தவர் வரப்பில் அவர் சொல்லாமல் மம்பட்டி வைத்தால் அந்தப் பக்கத்தில் அரிவாள் வரைக்கும் போகும். அதனால் கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அவர் சிரித்துவிட்டு, "வேணும்னா உங்களால ஆனத அள்ளிட்டுப் போங்க. நான் கையப் பிடிக்க மாட்டேன்" என்றார்.

ஸ்டாஃப் ரூமில் கேட்ட அதே சிரிப்பு.

"சரிண்ணே, அள்ளிக்கிறோம்" என்றேன்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினோம். அவர் வயல் மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. டிபன் கேரியர் அடுக்குகளால் மொண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் ஊற்றினோம். ஊற்றியது எங்கே போனது என்றே தெரியவில்லை. அக்கா வீட்டுக்கு ஓடி இறைகூடையை எடுத்துவந்தாள். இரண்டு பக்கமும் கயிறு கட்டிய கூடை. எதிரெதிரே இரண்டு பேர் நின்று, தண்ணீரில் முக்கி வீச வேண்டும். ஒருவர் ஒன்று என்றால் எதிரில் இருப்பவர் இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். நூறு ஆனால் மறுபடி ஒன்றிலிருந்து. எண்ணிக்கை தவறினால் வீச்சும் தவறும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு கயிற்றை அவள் விடவே இல்லை. மறு கயிற்றில் நாங்கள் மாறி மாறி நின்றோம்.

வெடிப்புகள் குடித்துக்கொண்டே இருந்தன. எங்களுக்கு உள்ளங்கை கொப்புளித்து, கொப்புளம் உடைந்தது. வெயில் சாயத் தொடங்கியதும் இந்தி டீச்சர், "இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரணுமேப்பா" என்றார். போகிறவர்கள் போகலாம், இந்தப் பயிர் நனையாமல் நான் சைக்கிளைத் தொட மாட்டேன் என்றேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் சொன்னேன். யாரும் போகவில்லை. இந்தி டீச்சரே அடுத்த நூறுக்கு வந்து நின்றார்.

கால்வாசி வயல் நனைந்திருக்கும். கணக்கு டீச்சர் கயிறு பிடித்திருந்தார். நாற்பது என்று சொன்னதும் ரத்தம் பட்டு வழுக்கிக் கயிறு கையை விட்டது. அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன். என் விரல்கள் மடங்கவில்லை.

அத்தனை நேரமும் வரப்பில் குத்தவைத்து வேடிக்கை பார்த்த கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். யாரையும் பார்க்காமல் கயிற்றை எடுத்தார். அக்கா கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை, தலையைக் குனிந்தபடி நின்றாள். முதல் கூடை கோணலாகத் தூக்கி அவர் வயலிலேயே கொட்டியது. இரண்டாவதும் அப்படியே.

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நாப்பத்தொண்ணு" என்றாள்.

கூடை முங்கியது.

"நாப்பத்திரெண்டு" என்றார் அவர்.

நூறு வரைக்கும் எண்ணினார்கள். நூறு என்றதும் அவர் கூடையை வரப்பில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அக்கா அப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மம்பட்டியை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கி வரப்பை வெட்டினார்.