பட்டப்பகலில் ஒரு கூடாரம்

அது பெண் பார்க்கும் சடங்கே இல்லை. எல்லோரும் சேர்ந்து ஏலகிரிக்குப் பிக்னிக் போகிறோம், அவ்வளவுதான். அம்மா அப்படித்தான் சொன்னாள். எனக்கு எட்டு வயது, நம்பினேன். சித்தி நம்பவில்லை. காபித் தட்டோடு யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று அவள் ஏற்கெனவே அம்மாவோடு சண்டை போட்டிருந்தாள். அதனால்தான் இந்த மலை, இந்த வேன், இந்த ஏற்பாடு எல்லாம்.

எங்கள் ஊர் கருவடிக்குப்பத்தில் நாங்கள் வேனில் ஏறியபோது உள்ளே இன்னொரு குடும்பம் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை பாரிஸ் பக்கத்தில் வேலையிலிருந்து லீவில் வந்திருந்தார். மடியில் நீளமாக ஒரு பச்சைப் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் வழி முழுக்க என் கவலை.

சித்தி என் காதில், "என் கைய உடாத. யாரு கூப்ட்டாலும் போவாத," என்றாள். பெரிய பொறுப்பு கிடைத்துவிட்டதில் எனக்கு ஒரே பெருமை.

மலைமேல் பூங்காவில் ஜமுக்காளம் விரித்ததும் அவர் பையைத் திறந்தார். கூடாரம். "பட்டப்பகல்ல எதுக்குக் கூடாரம்?" என்று அப்பா முணுமுணுத்தார். பாரிஸ்காரர் அதைக் காதில் வாங்காமல் குச்சிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பார்க்க எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"போய்ப் பாரேன்டி. எந்நேரமும் சித்திகிட்டயே ஒட்டிக்கினு," என்று அம்மா கண்ணைக் காட்டினாள். நான் அசையவில்லை. சித்தியின் கை வியர்த்துப் பிசுபிசுத்தது.

அவர் முளை அடிக்கும் மும்முரத்தில் இருந்தபோது, ஊரிலிருந்து கொண்டுவந்த நீள ரொட்டியை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. அவருடைய அம்மா பதறிப்போனார். அவரோ ஜாம் பாட்டிலை எடுத்து, "இதயும் குடுத்துடலாமா? வெறும் ரொட்டி எறங்காதே," என்றார்.

சித்தி சிரித்துவிட்டாள். சிரித்ததற்குத் தன்மேலேயே கோபம் வந்ததுபோல முகத்தை இறுக்கிக்கொண்டு, நேராகவே கேட்டாள்: "அங்க வந்தா நான் வேலைக்குப் போலாமா, இல்ல ஊட்டுலயே இருக்கணுமா?"

பெரியவர்கள் எல்லோரும் திடீரென்று மலையழகைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவர் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டியபடி யோசித்தார். "மொத வருஷம் பாஷை கத்துக்கவே சரியாப் பூடும். அப்புறம் உங்க இஷ்டம். குளிருதான் கஷ்டம். மொத குளிர்ல நானே அழுதுட்டேன்."

பட்டாளத்துக்காரரான அவருடைய அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது.  சித்தி என் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டாள்.

"போ, கூடாரத்தப் பாத்துட்டு வா."

"நீதான உடக் கூடாதுன்ன?"

"இப்பவும் நாந்தான சொல்றேன்."

ஓடினேன். உள்ளே எல்லாமே பச்சையாக இருந்தது, என் கைகள்கூட. வெளியே அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது கேட்டது. மல்லாந்து படுத்துக்கொண்டு, என் ஆசைக்காக விட்டுக்கொடுத்தாளே, இப்படி ஒரு சித்தி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் சென்னை விமான நிலையத்தில் அவள் கையை விடமாட்டேன் என்று நான் அழுதபோது, அப்பாதான் என் விரல்களைப் பிரித்தார். அந்தக் கையை அவள் மலைமேலேயே விட்டுவிட்டாள் என்பது அப்போதும் எனக்குத் தெரியவில்லை.