நிதுசனின் திவசத்துக்குச் சோறு கொடுக்கவில்லை

வட்டக்கச்சி முன்பள்ளியில் என்னோடு படிப்பித்தவள் சிவலட்சுமி. அவளுடைய மகன் நிதுசன் இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. போர் நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த சமாதான காலம் அது. சிவலட்சுமியின் கணவனுடைய அக்கா இராசமலர், யாழ்ப்பாணம் போய் வந்தபோது நிலக்கடலை போட்ட கச்சான் அல்வா வாங்கி வந்து ஒரு துண்டைப் பிள்ளையின் வாயில் வைத்தார். கச்சான் என்றால் அவன் எப்போதும் முகத்தைத் திருப்புவான். குழப்படி என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சற்று நேரத்தில் உதடு தடித்தது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக எழும்பியது. தோலில் வரும் கிரந்தி என்று நினைத்து மல்லி அவித்துப் பருக்கினார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் சைக்கிளில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை. சில பிள்ளைகளுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது, உயிரையே எடுக்கும் என்று அங்கே டொக்டர் சொல்லித்தான் அறிந்தோம்.

இராசமலர் அதன் பிறகு எந்த வீட்டுக்கும் தின்பண்டம் கொண்டு போகவில்லை.

ஆண்டுத் திவசத்துக்குச் சிறுவர் இல்லத்தில் ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். அதற்கென்று கனடாவிலிருந்து சிவலட்சுமியின் தம்பி காசு அனுப்பியிருந்தான். சுற்றுவட்டாரத்து ஆசிரியைகளையும் தாய்மாரையும் கூப்பிட்டு, அந்தக் காசில் டொக்டரைக் கொண்டு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு பற்றி ஒரு வகுப்பு வைக்கப் போவதாகச் சிவலட்சுமி சொன்னாள்.

இராசமலர் அழுதார். "பிள்ளையின்ர ஆத்துமா பசியோட திரியப் போகுது, லட்சுமி. சோறு குடுக்கிற நாளில கதையோ குடுக்கிறது?"

"அவன் பசியில சாகேல்லை மச்சாள். எங்களில ஒருத்தருக்கும் தெரியாததால செத்தவன். இன்னொரு பிள்ளை அப்பிடிப் போகக்கூடாது."

அன்று முன்பள்ளிக் கொட்டில் நிறைந்திருந்தது. கச்சான், பால், முட்டை, இறால் என்று டொக்டர் சொல்லிக்கொண்டு போக, ஒரு தாய் குறுக்கிட்டாள்.

"அப்ப இனிப் பிள்ளையளுக்குக் காத்தைத்தான் தீத்தோணும் போல!"

டொக்டரும் சிரித்துவிட்டார். "எல்லாம் குடுங்கோ அம்மா. ஆருக்கு எது ஒத்துக்கொள்ளாதெண்டு கவனிச்சு வையுங்கோ. உதடு தடிச்சால், மூச்சு இழுத்தால் வாயில ஒண்டும் பருக்காதேங்கோ. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டந்து ஊசி போடோணும். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஆரிட்ட மோட்டச்சைக்கிள் இருக்கெண்டு இண்டைக்கே பாத்து வையுங்கோ."

பின்னால் நின்ற இராசமலர் கேட்டார்: "மல்லித்தண்ணி பருக்கிக்கொண்டு நிக்காமல் உடன கொண்டந்திருந்தால் பிழைச்சிருப்பானோ ஐயா?"

டொக்டர் சிவலட்சுமியைப் பார்த்தார். "பிழைச்சிருக்கலாம்," என்றார்.

சிவலட்சுமி எழுந்து போய் மச்சாளின் கையைப் பிடித்து, முன்னால் கூட்டி வந்து தன்னுடைய கதிரையில் இருத்தினாள்.

"இதைத்தான் மச்சாள், நீங்கள் எல்லாருக்கும் சொல்லோணும்."

பிறகு ஒவ்வொரு திவசத்துக்கும் ஒரு ஊரில் வகுப்பு நடந்தது. இராசமலரும் போய்ப் பேசினார். தருமபுரத்தில் முட்டை தின்று முகம் வீங்கிய ஒரு பெண்பிள்ளையை, வகுப்புக்கு வந்திருந்த ஆசிரியை உடனே மோட்டார் சைக்கிளில் கொண்டு ஓடியதால் காப்பாற்றினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று சிவலட்சுமி நிதுசனின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் இருந்தாள்.

மறுபடி மூண்ட போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து சிவலட்சுமி இறந்தாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

நாங்கள் வவுனியா அகதி முகாமில் இருந்தபோது அவளுடைய முப்பத்தோராம் நாள் வந்தது. நிவாரண அரிசியில் படையல் வைக்க நான் அடுப்பு மூட்டினேன். அன்று காலைதான் பிள்ளைகளுக்குக் கச்சான் கலந்த சத்துப் பிஸ்கட் பங்கிட்டிருந்தார்கள்.

"சோறு பிறகு ஆகட்டும்," என்று இராசமலர் எழுந்தார்.

பக்கத்துக் கூடாரத்து வாசலில் குந்தினார். உள்ளே ஒரு இளம் தாய் பிஸ்கட் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறும் பிள்ளை. இதில கச்சான் கிடக்கு. எங்கட வீட்டில ஒரு பெடியன் இருந்தவன். அவனுக்குக் குடுத்தது நான்தான்," என்று தொடங்கினார்.