அப்பாவின் நாய்க்கத்திகள்

தையல் மெஷின் எண்ணெயின் வாசனையும் பழைய இரும்பின் வாசனையும் கலந்து வீட்டுக் கூடத்தில் பரவினால், அப்பா சந்தையிலிருந்து இன்னொரு கத்தி கொண்டுவந்துவிட்டார் என்று அர்த்தம். நாங்கள் மதுரை கே.கே. நகரில் குடியிருந்த நாட்கள் அவை. கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பழைய சாமான் கடைகளுக்குப் போய், கொடைக்கானல் பங்களாக்களைக் காலி செய்யும்போது கீழே இறங்கிவந்த பொருள்களுக்குள் கையை விட்டுத் துழாவித் தேடியது ஒன்றே ஒன்றைத்தான்: நாய்க்கு முடி சீவுவதற்கென்று வெள்ளைக்காரர்கள் செய்த மடக்குக் கத்தி.

முதல் கத்தியை என்னவென்று தெரியாமல்தான் வாங்கினார். அலகு முழுக்கச் சீப்பு போலப் பல். அம்மா அதை வாங்கி அறுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு எலுமிச்சங்காய வெட்டத் துப்பில்ல, இதுக்குப் பேரு கத்தியாக்கும்" என்று திருப்பிக் கொடுத்தாள். சலூன்காரர், "இது மனுசத் தலைக்கு ஆகாதுண்ணே" என்றார். பேரையூரில் கால்நடை மருத்துவராக இருந்த அப்பாவின் நண்பர்தான், நாயின் முதிர்ந்த முடியை இந்தப் பல்லில் பிடித்து இழுத்துக் களைவார்கள் என்று விளக்கினார். அதன்பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. சீப்பு மடங்கி உள்ளே போவது, நகம் நறுக்குவது, கொக்கிபோல் வளைந்து உள்பக்கம் மட்டும் கூரானது என்று பதினொன்று சேர்ந்துவிட்டன. இத்தனைக்கும் அவருக்கு நாய் என்றாலே பயம். தெருவில் ஒன்று படுத்திருந்தால் எதிர்ப்பக்கம் மாறித்தான் நடப்பார்.

பக்கத்து வீட்டுக் கமலா அத்தை, ஜிம்மி என்று ஒரு வெள்ளை "புசுபுசு நாய்" வளர்த்தார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், மழைக்காலத்தில், சாதுவாக இருந்த அது திடீரென்று தொட்டவரையெல்லாம் உறும ஆரம்பித்து, பால்காரரின் கையையும் கடித்துவிட்டது.

"தொட்டாலே பாயுது. நாளைக்கு எங்க பேரையூர் தோட்டத்துல கொண்டுபோய் விட்டுட்டு வாரேங்கறாரு உங்க மாமா" என்று அத்தை அழுதார்.

முடியில் சிக்கு விழுந்ததால்தான் அதற்கு எரிச்சல் என்று நானாக நினைத்துக்கொண்டு, அப்பாவின் பெட்டியிலிருந்து சீப்புக் கத்தியைக் கேட்காமல் எடுத்துப்போனேன். முதுகைச் சீவவிட்ட ஜிம்மி, கழுத்தில் கத்தியின் பல் பட்டதும் அலறியது. முடியை விலக்கினேன். சதைக்குள் புதைந்து, சீழ்வாடையோடு, மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. ரப்பர் பேண்டு. பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அதற்கு முந்தின மாதம் கல்யாண விளையாட்டில் ஜிம்மியை மணப்பெண்ணாக்கி, கதம்பம் நழுவாமல் இருக்க அதை மாட்டிவிட்டவள் நான்தான். பூ உதிர்ந்தது, ரப்பர் பேண்டை நான் மறந்தேபோனேன்.

வீட்டுக்கு ஓடி, "அப்பா, ஜிம்மி கழுத்த ரப்பர் பேண்டு அறுத்திருக்கு. நான்தான்ப்பா போட்டேன்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். கொக்கிக் கத்தியை வெந்நீரில் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். அத்தை ஜிம்மியின் வாயைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அப்பா மண்டியிட்டார். சட்டை முழுக்க வேர்வை.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்கம்மா. விட்டீங்கன்னா நான் ஓடிருவேன்."

கொக்கியை உள்ளே நுழைத்து ஒரே இழுப்பு. ரப்பர் அறுந்து தெறித்தது. ஊளையிட்ட ஜிம்மி, சற்று நேரத்தில் அடங்கி, அப்பாவின் முழங்காலில் தலையைச் சாய்த்தது. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட்டுத் திரும்பியபின் அப்பா என்னிடம், "மாட்டுனது யாருன்னு நீயே அத்தைகிட்டச் சொல்லு" என்றார். சொன்னேன். அத்தை நான்கு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"ஏ புள்ள, அந்தச் சீப்புக் கத்திய எடுத்துக்கிட்டு வா. இதுக்கு மறுபடி சிக்கு விழுந்திருச்சு."

பேரையூர்ப் பேச்சு அதோடு நின்றது.

அந்தக் கூடமும் காம்பவுண்டுச் சுவரும் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. ஜிம்மி இல்லை, அத்தை இல்லை, அப்பாவும் இல்லை. திருநகரில் என் வீட்டு வாசலுக்கு, நாய் குளிப்பாட்ட வேனே வருகிறது. போன மாதம் அதில் வந்த பெண்ணிடம் அப்பாவின் கத்திப் பெட்டியைத் திறந்து காட்டினேன். பத்துக் கத்திகளுக்கு உபயோகம் சொன்னவள், நுனியில் சின்னக் கரண்டி வைத்த கடைசிக் கத்தியில் திணறினாள்.

"காதுக்கா இருக்குமோக்கா? இல்ல, காலிடுக்குல மண்ணு எடுக்கவா?"

அப்பாவும் கடைசிவரை கண்டுபிடிக்காதது அது. இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு என் நாய் காத்துக்கொண்டிருந்தது.