கால் பக்கம் யார் ஏற்றிக் கட்டியது

பேய், காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தெருவில் அதற்கென்றே சிலர் இருக்கிறார்கள், புளியமரத்தடியில் வெள்ளைச் சேலை போனதைப் பார்த்தேன் என்பார்கள், அதில் பார்டர் இருந்ததா, முந்தி எந்தப் பக்கம் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். ஆரணியில் பட்டு நெய்கிறவனிடம் சேலையைப் பற்றிச் சும்மா அளக்க முடியுமா. அதனால் இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மகள் படிக்க கோயம்புத்தூர் போன பிறகு எனக்கும் என் மனைவி மாலதிக்கும் நடைப் பைத்தியம் பிடித்தது. முதலில் காலையில் ஊரைச் சுற்றி, பிறகு தேவிகாபுரம் வரை நடந்து போய் பஸ்ஸில் திரும்பி வருவது, அப்புறம் வேலூரில் மலை நடைக்குப் போகிற ஒரு குழுவோடு பழக்கமாகி, ஜவ்வாது மலையைக் குறுக்காக நடந்து கடப்பது, வழியிலேயே இரவுகளில் தங்குவது என்று பேச்சு வந்தது. மாலதிக்கு அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதையும் இப்படி ஆசைப்பட்டுக் கேட்டதில்லை, எனக்கும் அதே அளவு ஆசைதான், ஆனால் சிக்கல் படுக்கையில் இருந்தது. காலமெல்லாம் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்த இடுப்பு என்னுடையது, தரையில் ஒரு ராத்திரி படுத்தால் மறுநாள் எழுந்திருக்கவே ஆள் வேண்டும். மாலதிக்கு வேறு வியாதி. பக்கத்து வீட்டு பவர்லூம் சத்தத்திலேயே தூங்கிப் பழகிவிட்டாள், கரண்ட் போனால் அந்த அமைதியில் விழித்துக்கொள்வாள்.

குழுவில் ஒருவர்தான் ஹேமக் வாங்குங்கள் என்றார், மரத்துக்கு மரம் துணியைக் கட்டித் தொங்கவிட்டு அதில் படுப்பது. பெரிய ஆளுக்குத் தூளி, அவ்வளவுதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கிறோம் பேர்வழி என்று நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதுகில் சுமக்க வேண்டியது என்பதால் எல்லாவற்றையும் பட்டு எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தேன். கயிற்று வலை ஹேமக் கனம், உடம்பிலும் தடம் விழும். இரட்டைத் துணி வைத்தது உறுதி, ஆனால் நடக்கும்போது தோளை இழுக்கும். கடைசியில் ஒற்றை நைலான் துணியில், மடித்தால் கைக்குள் அடங்குகிறதாக இரண்டு வாங்கினோம், மரப்பட்டையை அறுக்காத அகலமான நாடாக்கள், மேலே கட்ட ஒரு மெல்லிய மழைவிரிப்பு. குளிர் அடியிலிருந்துதான் ஏறும் என்று சொல்லியிருந்தார்கள், அதற்கு முதுகு அளவுக்கு வெட்டிய ஃபோம் பாய். கொசுவலையின் எடையைப் பார்த்து நான் முகம் சுளித்தபோது, "கொசு கடிச்சா நீங்க தராசப் பாத்துகினு இருங்க, நான் பஸ் ஏறிடுவேன்" என்றாள் மாலதி. வலையும் சேர்ந்தது. பட்டுத் துணியை விட லேசானது எது, உறுதியானது எது, நானே தறியில் ஒன்று நெய்துவிடுகிறேனே என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

மலைக்குப் போகும் முன் ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பது, இரண்டு பேரில் ஒருவருக்குத் தூக்கம் வராவிட்டாலும் குழுவில் கொடுத்த பேரை வாபஸ் வாங்கிவிடுவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். மாலதியின் சித்தப்பாவுக்குப் படவேட்டில் வாழைத்தோட்டம், அதை ஒட்டி மலையடிவாரத்தில் மாந்தோப்பு. சந்தவாசலில் பஸ் மாறிப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் சாப்பாடு போட்டு, தோப்பைக் காட்டிவிட்டு, கட்டில் இருக்க இதென்ன கூத்து மாப்ளே என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

இரண்டு ஹேமக்கையும் நான்தான் கட்டினேன், இங்கேதான் என் தொழில் என் காலை வாரிவிட்டது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற பாவு நூல் தொய்ந்தால் புடவை கெட்டது, இதுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரே பாடம். தொய்வாக எதைப் பார்த்தாலும் கை தானாக இழுத்துக் கட்டும். இரண்டையும் பாவு இழுக்கிற மாதிரி விறைப்பாக, நெஞ்சு உயரத்தில், தலைப்பக்கமும் கால் பக்கமும் ஒரே மட்டத்தில் கட்டினேன். தட்டினால் டங்கென்று சத்தம் வந்தது. பார்த்தியா என்று மாலதியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஏறிப் படுத்ததும் துணி இரண்டு தோளையும் பிடித்து நெருக்கியது. இடுப்பு வளைந்து வலி ஆரம்பித்தது. புரளவும் முடியவில்லை. அந்தப் பக்கம் மாலதியும் அசைந்துகொண்டே இருக்கிற சத்தம் கேட்டது, ஆனால் அவளும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. யார் முதலில் முடியாது என்று சொல்வது. இருட்டில் அப்படியே கிடந்தேன், இத்தனை ஆசைப்பட்டவளிடம் விடிந்ததும் என்ன சொல்வது என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கால் பக்கத்து மரத்தில் யாரோ நாடாவை அவிழ்க்கிற மாதிரி இருந்தது. துணி மெதுவாகத் தளர்ந்தது. தோளை விட்டது. பிறகு என் குதிகாலுக்கு அடியில் கை வந்து, இரண்டு காலையும் தூக்கி, இடது பக்கம் ஓரமாக நகர்த்தி வைத்தது. உடம்பு துணியில் குறுக்காக விழுந்ததும் முதுகு பாய் போட்ட மாதிரி நேரானது. மாலதிதான் இறங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், எனக்கு அப்படி ஒரு நிம்மதி. "போதும்மா, நீ போய்ப் படு" என்று சொன்னேன், சொன்னது நன்றாக நினைவிருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை. அப்படித் தூங்கினேன்.

கண் விழித்தபோது வெயில் வாழை இலை மேல் வந்திருந்தது. இடுப்பில் வலி இல்லை. மாலதி அவள் ஹேமக்கில் படுத்தபடி வலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க," என்றாள். "நீங்க வந்து சரி பண்ணலன்னா நான் விடிய விடிய முழிச்சிகினுதான் இருந்திருப்பேன்."

"நான் எங்க வந்தேன்? நீதான வந்து என் கால எடுத்து வெச்ச?"

"ஆமா, நான் எழுந்து வர்றேன். கயிறு அவுக்க எனக்குத் தெரியுமா இன்னா? வெளயாடாதீங்க."

இறங்கலாம் என்று வலையைத் திறக்கப் போனால் ஜிப் முழுசாக மூடியிருந்தது. அதன் பிடி உள்பக்கம் மட்டும்தான் உண்டு, வெளியிலிருந்து இழுக்க ஒன்றும் கிடையாது. மரத்திடம் போய்ப் பார்த்தேன். பனியில் நனைந்து நாடா தளர்ந்திருக்கும் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தளர்ந்த நாடா மரத்தில் கீழே அல்லவா இறங்கும். நான் நெஞ்சு உயரத்தில் கட்டியது இப்போது என் தலைக்கு மேல் இருந்தது, கெட்டியாக முடிச்சுப் போட்டு. மாலதியின் நாடாவும் அப்படியே, அதுவும் கால் பக்கம் மட்டும். அவிழ்க்க நான் எக்க வேண்டியிருந்தது, அவள் கைக்கு எட்டவே இல்லை.

சித்தப்பாவைக் கேட்டோம். ராத்திரி நீங்கள் தோப்புப் பக்கம் வந்தீர்களா என்று. அவர் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை.

"நான் ஏன் மாப்ளே வர்றேன்?" என்றார். "அங்க படுத்தவங்க யாரும் தூக்கம் வரலன்னு சொன்னது கெடையாது."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, காற்று நல்லா வரும் இல்லையா என்று மட்டும் சொன்னார். ஒரு சீப்பு பழத்தைக் கையில் கொடுத்து பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தார்.

பேரை வாபஸ் வாங்கவில்லை. மலையைக் கடந்தோம். ஒவ்வொரு ராத்திரியும் துணியைத் தொய்வாக விட்டு, கால் பக்கத்தை ஏற்றிக் கட்டி, குறுக்காகப் படுத்தோம். குழுவில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு, இதுதான் சரியான முறை, புதுசாக வாங்குகிறவர்களுக்கு இது லேசில் தெரியாது, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்கள். படவேட்டில் ஒருத்தர் என்றேன். வேறென்ன சொல்ல. மாலதி அந்த மலை அமைதியில் குறட்டை விட்டுத் தூங்கினாள், அதைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கினேன். எங்கள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

மாலதி மட்டும் அது நான்தான் என்று இன்றுவரை சாதிக்கிறாள். எக்கினால் உங்களுக்கு எட்டுகிறது அல்லவா, தூக்கக் கலக்கத்தில் செய்திருப்பீர்கள் என்கிறாள். நானும் மறுக்காமல் விட்டுவிட்டேன், அவள் பயப்படாமல் இருந்தால் சரி. போன வாரம் நான் தறியில் இருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த நடைக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது, துணியெல்லாம் எடுத்து உதறிப் பாருங்கள் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? அன்னிக்கு உங்க கை ஏன் அவ்ளோ சின்னதா இருந்துச்சு? கொழந்த கை மாதிரி. என் கால ஒண்ணு ஒண்ணாத்தான் தூக்க முடிஞ்சுது அந்தக் கையால."

குளிரில் உனக்குக் கால் மரத்துப் போயிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் அன்றைக்கு எனக்குத் தறி ஓடவில்லை. என் குதிகாலைத் தாங்கிய கை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. இரண்டு காலும் ஒரே உள்ளங்கையில் இருந்தன, விரல்கள் கணுக்கால் வரை வந்து மூடின. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.