அத்தையின் வாசலும் என் தெர்மாமீட்டரும்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தருகே நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது கணவர் ஃபோன் செய்தார். "அம்மா பூட்டாங்க" என்றார். அன்று காலையில்தான் என் மாமியார் அலமேலம்மா குழம்பில் உப்பு கம்மி என்று என்னோடு சண்டை போட்டிருந்தார். சமாதானம் ஆவதற்குள் போய்விட்டார். எதிலும் அவசரம்தான் அவருக்கு.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கென்று ஒரு ரகசியமும் தெருவில் மிஞ்சாமல் போனது அந்தக் குரலால்தான்.

கல்யாணமாகி வெகுநாளாகியும் எனக்குக் குழந்தை இல்லை. டாக்டரம்மா உடம்பைக் கவனிக்கச் சொன்னார். கரு தங்கக்கூடிய நாட்களில் வெள்ளைப்படுவது முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழப்பாக இருக்குமாம். கருமுட்டை வெளிவந்த பிறகு உடம்புச் சூடு லேசாக ஏறுமாம். அந்தச் சூட்டைக் காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். டாக்டரம்மாவுக்கு என்ன, சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் மருமகள்தான் முதலில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். வாயில் தெர்மாமீட்டரோடு படுத்திருந்தால் நடக்குமா?

அத்தை பார்த்துவிட்டார். ஜுரம் என்று முடிவு கட்டினார். தினமும் கஷாயம், தலைக்குக் குளிக்கத் தடை. அதோடு விட்டாரா? "அவளுக்கு ஜொரம் உட மாட்டேங்குது. ஒனக்கு ஒட்டிக்கப் போவுது, நீ போயி மோட்டார் கொட்டாயில படு" என்று மகனைக் கரும்புக் கொல்லைக்கு அனுப்பிவிட்டார். எந்த நாளுக்காக நான் இத்தனை பாடுபட்டேனோ, அந்த நாளில் கணவர் அங்கே கொசுக்கடியில் கிடந்தார்! வந்த ஆத்திரத்தில் அத்தையிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடி?" என்றார். மறுநாளிலிருந்து வாசல் வேலை அவருடையது. "கத்தாதீங்க, மருமவ சூடு பாக்குது" என்று பால்காரரை அதட்டுவார். பிறகு கதவுக்கு வெளியே நின்று, "ஏறிச்சா?" என்பார். ஏதோ வேர் வாங்க என்னைக் கரியாலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். மலை ஏறி முடிப்பதற்குள் கண்டக்டர் வரைக்கும் என் வெள்ளைக்கரு விவகாரம் தெரிந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

ஒரு காதுகுத்து விருந்தில் சொந்தக்காரர் ஒருவர், "பையனுக்கு வேற பொண்ணு பாக்கலாமே" என்று ஆரம்பித்தார். இத்தனை நாளும் நான் பயந்துகொண்டிருந்த பேச்சு அதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை பந்தியே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்: "என் மருமவ தெனம் சூடு பாக்குது. என் புள்ள இன்னாத்த பாத்தான்? மொத அவன் டாக்டர்கிட்ட போவட்டும்." மறுவாரமே மகனை இழுத்துக்கொண்டும் போனார். அந்தப் பேச்சு அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

குழந்தையும் வரவில்லை. இருவரிடமும் குறை இல்லை என்றார்கள். ஆனாலும் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள், "அத்த, இனிமே சூடு பாக்கலீங்க" என்றேன். அவர் கையிலிருந்த துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பாக்காட்டி போ. நீ படுத்துக்கினு இரு. வாசல் என்னுது."

கடைசிவரை என்னை வாசல் தெளிக்க விடவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் வாசலில் மறுபடி கோலம் போட வேண்டும். விடியலில் விழித்து, பழக்கத்தில் அசையாமல் கிடந்தேன். துடைப்பச் சத்தம் வரவில்லை. கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் கெடுத்து வைத்துவிட்டு, யாரைக் கேட்டுப் போனீர்கள், அத்தை? "இன்னும் தெளிக்கல பாரு" என்று பக்கத்து வீட்டில் பேசுவது காதில் விழுந்தது. பேசட்டும். அத்தை எனக்குக் கொடுத்த அந்தக் காலை நேரத்தை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். படுத்தபடியே அழுது முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.