பந்துக்குள் அரிசி தேடிய நாள்

நனைந்த மாட்டுத்தோலும் புளித்த ரப்பர்ப் பாலும் கலந்த ஒரு வாடை எங்கள் பந்துக்கு உண்டு; அணியின் 'கோல் கீப்பர்' என்று அதை நெஞ்சோடு அணைத்துக் கிடந்தவன் நான் என்பதால் இன்றும் மூக்கை விட்டு அது போகவில்லை. மலாயாவில் அவசரகாலம் அது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்விடக்கூடாதென்று, பகாவ் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, வாசல் 'கேட்டு' தாண்டும் எவரிடமும் ஒரு பிடி அரிசிகூட இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். அதற்கு நடுவிலும் தோட்டத்துப் பையன்களுக்கான கோப்பை ஆட்டத்தை நாங்கள் விடவில்லை.

இறுதியாட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோப்பை வைத்திருக்கும் தோட்டத்துத் திடலுக்கு எதிரணிதான் பந்து கொண்டுபோக வேண்டும். பந்து இல்லையென்றால் ஆட்டம் இல்லை, கோப்பை இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு ஆண்டுகளாக இறுதிவரை போய்த் தோற்றிருந்தோம். எனக்கும் எங்கள் தலைவன் முனியாண்டிக்கும் அடுத்த ஆண்டு வயது கடந்துவிடும்.

அந்த ஆண்டு இறுதியாட்டத்தன்று கேட்டில் நின்ற காவலர், "பெராஸ் அடா?" என்று மலாய் மொழியில் கேட்டார். அரிசி இருக்கிறதா என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல், பந்தின் வாரை அவிழ்த்து உள்ளே கம்பியை விட்டுக் கிளறினார். அரிசி இல்லை, கம்பி குத்தி, உள்ளிருந்த 'பிளாடர்' என்ற ரப்பர்ப் பையில் காற்றும் இல்லாமல் போனது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

லாரியில் போய் இறங்கியதும், நடுவராக இருந்த அந்தத் தோட்டத்துக் கணக்கர், கிராணி, தொங்கிப்போன பந்தைப் பார்த்தார்.

"பந்து இல்லன்னா ஆட்டம் இல்லலா. ஏறுங்க லாரில."

முனியாண்டி ஏறவில்லை. வார் கோக்கும் ஊசியால் திடலோரத்து ரப்பர் மரத்தைக் கீறி, கசிந்த பாலைப் பிளாடரின் ஓட்டையிலும் லாரிக்காரர் தந்த டியூப் துண்டிலும் தடவி, வெயிலில் காயவிட்டு ஒட்டி, லாரிக்காரரின் பம்பால் காற்றடித்தான். பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாரக் கேட்டுடா எங்க மரத்துல கை வச்ச?" என்றார் கிராணி.

"மரம் ஒங்களோடதுதாங்கய்யா. பால் எடுக்கிறது எங்க சனம்தானே."

கிராணி விசிலை வாயில் வைத்தார். ஊரடங்குக்குள் திரும்ப வேண்டியிருந்ததால் ஆட்ட நேரம் பாதியானது. அந்தப் பாதியில் முனியாண்டி ஒரு கோல் போட்டான், வந்த பந்துகளையெல்லாம் நான் பிடித்தேன். ஒட்டு கடைசிவரை பிரியவில்லை.

திரும்பும்போது அதே காவலர். அவர் வாய் திறக்குமுன் முனியாண்டி கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான்.

எங்கள் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. வேலி இல்லை, கோப்பை போன இடம் தெரியவில்லை, முனியாண்டியும் போய்விட்டான். இளையோர் கோப்பை இறுதியாட்டங்களை ஆண்டுதோறும் அரங்கத்துக்கே போய்ப் பார்க்கிறேன். பழைய வெற்றியாளர்கள் பட்டியலை வாசிப்பார்கள், எங்கள் தோட்டத்தின் பெயர் அதில் வராது. சென்ற முறை வாசலில் ஓர் இளங்காவலர் என் பையைத் திறக்கச் சொன்னார். அவர் கேட்காமலேயே, "பெராஸ் தா அடா" என்றேன். அரிசி இல்லை, தம்பி. அவர் விழித்தார். நான் பையை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.